கிரெவில்லியா

கிரெவில்லியா என்பது புரோட்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். இதில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. சில இனங்கள் நியூ கினி, நியூ கலிடோனியா, சுலாவெசி ஆகிய தீவுகளில் காணப்படுகின்றன. இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சார்லஸ் பிரான்சிசு கிரெவில் (1749–1809) என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. தரையில் படரும் செடி, புதர், உயர்ந்த மரம் எனப் பல வடிவங்களில் இவை வளர்கின்றன.

அமைப்பு

இதன் பூக்களுக்குத் தனியான அல்லி வட்டம் இல்லை. நான்கு பூவிதழ்கள் சுருண்டு விரிய, நீண்ட சூல்தண்டு வளைந்து வெளிவரும். பூக்கள் கொத்தாகப் பூப்பதால் தூரிகை போலவோ சிலந்தி போலவோ தோன்றும். தேன் மிகுந்திருப்பதால் பறவைகளும் தேனீக்களும் நாடி வருகின்றன.

வறட்சியும் வேர்களும்

ஆத்திரேலிய மண் மிகப் பழமையானது, மணிச்சத்து குறைந்தது. அதற்கேற்ப இத்தாவரங்கள் நெருக்கமான சிறு வேர்களைக் கொண்ட கொத்து வேர்களை உருவாக்குகின்றன. அவ்வேர்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணுடன் பிணைந்திருக்கும் மணிச்சத்தைக் கரைத்து எடுக்கின்றன. பல இனங்களின் குறுகிய, தடித்த இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன.

கொல்லிமலையில்

நாமக்கல் மாவட்டத்தில், குண்டனி நாடு முதலிய ஊராட்சிகளை உள்ளடக்கிய கொல்லிமலையில் இப்பேரினத்தின் கிரெவில்லியா ரொபஸ்டா என்னும் மரம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும், மிளகுக்கொடி படர்வதற்காகவும் வளர்க்கப்படுகிறது. இலையின் அடிப்புறம் வெள்ளி போன்று இருப்பதால் இது சில்வர் ஓக் எனப்படுகிறது. ஆயினும் உண்மையான ஓக் மரத்துடன் இதற்கு உறவில்லை. கிழக்கு ஆத்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், பொன்னிறம் கலந்த செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும். விரைவாகவும் நேராகவும் வளர்வதால் மரத்தடிக்கும் விலை கிடைக்கிறது. இக்காரணத்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல காப்பித் தோட்டங்களில் பலவகை உள்நாட்டு நிழல் மரங்களின் இடத்தை இந்த ஒரே மரம் பிடித்தது. இது பல்லுயிர் வளத்தைக் குறைப்பதாகக் கருதப்படுகிறது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பு

வீட்டுத் தோட்டத்திற்குப் புதர் வகைகளே ஏற்றவை. சிவந்த பூக்களையுடைய கிரெவில்லியா பேங்க்சீ, அதிலிருந்து பெறப்பட்ட ராபின் கார்டன் என்னும் கலப்பின வகை ஆகியவை பெயர் பெற்றவை.

* நாள் முழுவதும் வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். களிமண்ணாயின் மேடை அமைத்து நட வேண்டும்.
* கலப்பின வகைகள் விதையிலிருந்து தாயைப் போல வளர்வதில்லை. எனவே அவை தண்டுத் துண்டு அல்லது ஒட்டு மூலம் பெருக்கப்படுகின்றன.
* முதல் ஆண்டில் வேர் ஆழமாக இறங்கும் வகையில் நீர் பாய்ச்ச வேண்டும். நன்கு வேரூன்றிய பின் நீண்ட வறட்சியில் மட்டும் நீர் போதுமானது.
* பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டினால் செடி அடர்ந்து வளரும்.

உரமிடுதலில் மிகுந்த கவனம் தேவை. சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்றவற்றை இட்டால் கொத்து வேர்கள் தேவைக்கு மேல் மணிச்சத்தை உறிஞ்சும். அதனால் இளம் இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, செடி இறக்கவும் கூடும். கோழிப் பண்ணைகள் மிகுந்த நாமக்கல் பகுதியில் எளிதில் கிடைக்கும் கோழி எருவிலும் மணிச்சத்து அதிகம். ஆகவே அதுவும் இச்செடிக்கு ஏற்றதன்று. இலைமக்கு மூடாக்கே போதுமானது.

எச்சரிக்கை

சில்வர் ஓக் மரத்தின் பூவிலும் காயிலும் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் உள்ளதால் அவற்றை உண்ணலாகாது. ராபின் கார்டன் உள்ளிட்ட சில வகைகள் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் ஏற்படலாம். வெட்டும்போது கையுறை அணிவது நல்லது. அவாய்த் தீவுகளில் சில்வர் ஓக், பேங்க்சீ ஆகிய இரண்டும் களைகளாகப் பரவியுள்ளன. எனவே காட்டை ஒட்டிய தோட்டங்களில் தானாக முளைக்கும் நாற்றுகளை அகற்றிவிட வேண்டும்.