திறந்தவெளிப் பாடவேளையும் பிள்ளைகளின் கண்ணும்

1. ஆய்வுப் பொருள்

வகுப்பறைக்கு வெளியே கற்கும் பிள்ளைக்குக் கவனம் கூடும், கூடிப் பழகும் இயல்பு வளரும் என்பர். அவற்றை அளந்து காட்டுவது கடினம். எண்களால் நிறுவப்பட்ட நன்மை ஒன்று உண்டு: கிட்டப்பார்வை குறைவது.

2. சிட்னியும் சிங்கப்பூரும்

சிட்னி, சிங்கப்பூர் ஆகிய இரு நகரங்களிலும் வாழும் சீன மரபைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை 2008இல் வெளியான ஆய்வு ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 மட்டுமே. பெற்றோரிடம் அக்குறை இரு நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது; ஆகவே பரம்பரையைக் காரணம் காட்ட இயலாது. படிப்பின் மீதும் பழி போட முடியாது. வாரந்தோறும் அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகளே! பெரிதும் வேறுபட்டது வெளியில் கழித்த நேரம்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

3. ஒளி செய்யும் வேலை

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (ஒளியளவின் அலகு). நல்ல வெயிலில் அது பல பத்தாயிரம். மிகுந்த ஒளி பட்டால் விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து, விழிக்கோளம் அளவுமீறி நீண்டு கிட்டப்பார்வை உண்டாவதைத் தடுக்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கோழிக்குஞ்சுகளை வைத்து நடந்த சோதனைகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன.

4. பள்ளியில் நடந்த சோதனை

சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் மூன்றாண்டுகள் 12 தொடக்கப் பள்ளிகள் வெளிப்புற நேரத்தின் பயனை அறியும் சோதனையில் பங்கேற்றன. அவற்றுள் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புறப் பாடவேளை ஒன்று சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டோர் 30.4 விழுக்காடு, மற்றவற்றில் 39.5. விழிக்கோளத்தின் நீளத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மேற்சொன்ன விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் இருக்க இதுவே காரணம்.

தைவானில் இடைவேளைதோறும் பிள்ளைகளை வெளியே அனுப்பிய பள்ளியில் ஓராண்டில் 8.41 விழுக்காட்டினருக்கே புதிதாகக் குறை தோன்றியது. ஒப்பிட்ட பள்ளியிலோ 17.65.

5. வரம்பும் நடைமுறையும்

ஏற்கெனவே கண்ணாடி அணிந்த பிள்ளையின் பவர் ஏறுவதை வெளிப்புற நேரம் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. குறை தோன்றுமுன் காப்பதே இதன் பயன். எனவே தொடக்க வகுப்புகளிலேயே இது தொடங்க வேண்டும். பெற்றோரின் வசதிக்கு விட்டால் பூட்டிய அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு எதுவும் கிட்டாது. கால அட்டவணையில் ஏறினால்தான் எல்லோருக்கும் கிடைக்கும். வெயிலுக்கு அஞ்சித் தள்ளிப்போடவும் தேவையில்லை. மரநிழலிலும் திறந்த தாழ்வாரத்திலும் கிடைக்கும் ஆயிரம் லக்ஸ் அளவு ஒளியே, நேரம் கூடுதலாக இருந்தால் பயன் தரும் என்று பிந்திய தைவான் ஆய்வு காட்டுகிறது.