ஆண்மை எனும் விளம்பரம்: லாட்ஜ் வைத்தியத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை

நோய்களின் வரலாற்றை ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் தேடுவது வழக்கம். ஆனால் ஆண்குறி விறைப்பின்மையின் வரலாற்றைக் கொங்குநாட்டில் தேடுகிறவர் சுவர்களைத்தான் வாசித்தாக வேண்டியிருக்கிறது. காந்திபுரம், உக்கடம் பக்கத்துக் கழிப்பறைச் சுவர், மின்கம்பம், தினசரியின் உள்பக்கம் – இவைதாம் எனக்குக் கிடைத்த ஆவணக் காப்பகம். 'நரம்புத் தளர்ச்சி', 'இளமையில் செய்த தவறு', 'இல்லற சுகம்' என்று எங்கும் ஒரே சொற்றொகுதி. அதன்கீழே எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்ற பட்டியல்: கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர். மில் ஷிப்டு முடிந்தவரும் மஞ்சள் மண்டிக்கு வந்தவரும் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்க லாட்ஜ் படிக்கட்டைவிட வசதியான இடம் ஏது?

இதை 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்குச் சுலபமாக இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. விந்து இழப்பைப் பற்றிய அச்சம் பழைய வைத்திய மரபில் உண்டுதான். அந்த அச்சம் ஒரு சரக்காக மாறியதோ அச்சு, தபால், ரயில் என்ற மூன்று நவீன சாதனங்களால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து மணிசங்கர் கோவிந்தஜியின் 'ஆதங்க நிக்ரக' மாத்திரைகள் இந்தியா முழுக்க விளம்பரமாயின. ஆக, லாட்ஜ் வைத்தியர் பழமையின் எச்சமல்ல. அவர் நவீனத்தின் பிள்ளை.

சுதந்திர இந்திய அரசு இதை எப்படி எதிர்கொண்டது? 1954இல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் வந்தது. கலவி இன்பத்திற்கான திறனைக் காக்கும், கூட்டும் என்று சொல்லி மருந்தை விளம்பரப்படுத்துவது குற்றமாயிற்று. ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சில பகுதிகளை நீக்கிவிட்டு, இத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமைக்குள் அடங்காது என்றது. நோக்கம் சரி. ஆனால் சட்டம் தடுத்தது விளம்பரத்தை மட்டுமே. வீடும் பள்ளிக்கூடமும் ஏற்கனவே பேசாமலிருந்த ஒரு விஷயத்தில், சட்டத்தை மீறியவரின் குரல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் 'நரம்பு' என்ற முகமூடியோடு. மௌனமும் அதிகாரத்தின் ஒரு வேலைமுறைதான் என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நம்மூர்ச் சுவரே சொல்லும்.

இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் சில்டெனாஃபில் என்ற வேதிப்பொருள் இதய வலிக்கான மருந்தாகத்தான் சோதிக்கப்பட்டது. இதயத்திற்குப் பெரிதாக உதவவில்லை. சோதனைக்கு உட்பட்ட ஆண்கள் சொன்ன 'பக்க விளைவு' முக்கிய விளைவாயிற்று. 1998 மார்ச் 27இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. அதற்குமுன் 1992லேயே அமெரிக்க வல்லுநர் மாநாடு ஒன்று, 'ஆண்மையற்றவன்' என்று ஆளையே முத்திரை குத்தும் சொல்லைக் கைவிட்டு, 'விறைப்புக் குறைபாடு' என்ற சொல்லைப் பரிந்துரைத்திருந்தது. குறை ஆளிலிருந்து உறுப்புக்கு நகர்ந்தது. இதை ஒரு விடுதலை எனலாம். அதே நகர்வில்தான் சந்தையும் திறந்தது.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது, பொருளுக்குத் தரவில்லை. அதனால் 2001இல் இந்தியக் கம்பெனிகள் தங்கள் சில்டெனாஃபிலை மலிவாக இறக்கின. ஃபைசரின் சொந்த மாத்திரை அதற்குப் பிறகே இங்கு வந்தது. ஏழை நோயாளிக்கு உயிர்மருந்து கிடைக்க வழிசெய்த அதே சட்டம் இதற்கும் வழிசெய்தது.

மாத்திரை என்ன செய்கிறது? ஆசை எழும்போது ஆண்குறியின் நரம்புமுனைகளும் ரத்தக்குழாய்ச் சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் உண்டாகும் சி.ஜி.எம்.பி. என்ற பொருள் தசையைத் தளர்த்த, ரத்தம் நிறைகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் பி.டி.இ.5 என்ற நொதியை மாத்திரை தடுக்கிறது, அவ்வளவுதான். அது ஆசையை உண்டாக்காது, விந்தணுவைக் கூட்டாது, பிள்ளை தராது. வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கி, நாளுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது என்பார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். புராஸ்டேட் வீக்கத்திற்கும் ரத்த அழுத்தத்திற்கும் தரும் சில மாத்திரைகளோடும் எச்சரிக்கை தேவை. நான்கு மணி நேரத்திற்கு மேல் விறைப்பு நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'மூலிகை' என்று விற்ற பொடிகளில் இதே சில்டெனாஃபில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

சட்டப்படி இது ஷெட்யூல் எச் மருந்து. டாக்டர் சீட்டின்றித் தரக்கூடாது. நடப்பு என்ன? மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார்: "பேரே சொல்லமாட்டாருங்க. கிழிச்ச அட்டைத் துண்டக் காட்டுவாரு. 'ஹார்ட்டு மாத்தர சாப்படறீங்களா'ன்னு நாலு பேரு முன்னால எப்படீங்க கேக்கறது?" உயிரைக் காக்கக்கூடிய ஒரே கேள்வி கேட்கப்படாமலே போகிறது. லாட்ஜ் படிக்கட்டில் இருந்த அதே வெட்கம்தான் கவுண்டருக்கு இடம் மாறியிருக்கிறது.

இந்த வெட்கத்தின் விலை என்ன? ஆண்குறியின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகலானது. ஆகவே அடைப்பு பல நேரம் முதலில் அங்கே தெரிகிறது, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. விறைப்பின்மைக்கு அது ஒரு முக்கியக் காரணம். 'நரம்புத் தளர்ச்சி' என்று லேகியம் தின்றவரும், அட்டைத் துண்டைக் காட்டி மாத்திரை வாங்கியவரும், உடல் அனுப்பிய ஒரே எச்சரிக்கைக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டவர்கள்.

விலையின் மறுபாதியைப் பெண்கள் கட்டுகிறார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில், திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின்மையும் விறைப்பின்மையும் ஊர் வாயில் ஒன்றுதான். ஏச்சு இருவருக்கும், விரதம் மட்டும் அவளுக்கு. 'ஆண்மை போய்விடும்' என்ற அதே பயம் குடும்பக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்கிறது. வாசக்டமி விறைப்பைப் பாதிப்பதில்லை. அது பெண்ணுக்கான அறுவையைவிட எளியதும்கூட. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடை 0.3. ஆணின் பயத்திற்குக் கத்தி பெண்ணின் வயிற்றில்.

மாத்திரையைப் புனிதமாக்கவோ பழிக்கவோ நான் வரவில்லை. சுவரெழுத்து இதைப் பாவம் என்றது, சந்தை இதை எந்திரக் கோளாறு என்கிறது. இரண்டுமே ஆணைத் தனியாளாக்கி, அவன் இதயத்தையும் சர்க்கரையையும் மனைவியையும் காட்சியிலிருந்து நீக்கிவிடுகின்றன. மருந்துச் சீட்டு என்பது வெறும் அனுமதித் தாள் அல்ல. 'வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நெஞ்சு வலிக்கிறதா, வீட்டில் பேசினீர்களா?' என்ற மூன்று கேள்விகளின் பதிவு அது. அரசு ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இக்கேள்விகள் வழக்கமாகட்டும் என்று தொழிற்சங்கமும் பெண்கள் அமைப்பும் கோரலாம். கூலி உயர்வு கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கவும் தெரிய வேண்டும்.