சனிக்கிழமையின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கியிருக்கின்றன. ஆனால், எளிய மக்கள் தங்கள் பொழுதை எவ்வாறு கழித்தார்கள் என்பதும் வரலாறே. மாணவ நண்பர்களே, சென்னை மாநகரில் இன்று ஓர் இளைஞர் சனிக்கிழமையைக் கழிக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். காலையில் சூடான காப்பி. பின்னர் மிதிவண்டியில் கடற்கரைச் சாலையில் ஓர் உலா. பிற்பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் அல்லது கன்னிமரா நூலகம். மாலையில் ஓர் இசையரங்கு. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இத்தகைய ஒரு நாள் இயல்பானதாகத் தோன்றுவதற்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதுதான் வியப்பு.

முதற்கண் ஓய்வை எடுத்துக்கொள்வோம். உழவரின் ஓய்வைப் பருவமும் திருவிழாவும் வகுத்தன. ஆலைகள் எழுந்தபின் ஆலைச் சங்கே நாளை வகுக்கலாயிற்று. 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை அளித்தது. எனினும், வேலை நேரம் நீண்டே இருந்தது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். நண்பகலில் உண்பதற்கு விடப்பட்ட நேரம் போதவில்லை என்பது அத்தொழிலாளர் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. உண்ணவே நேரம் இல்லாதவர்க்கு உலாவ நேரம் ஏது? 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். வாரத்திற்கு 60 மணி என 1922-இல் வரையறுக்கப்பட்ட வேலை நேரம், படிப்படியாகக் குறைந்து, 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 48 மணியாயிற்று. நாம் துய்க்கும் ஓய்வு, இவ்வாறு மணி மணியாக மீட்கப்பெற்றது.

இனிக் காப்பி. பாபா புதான் என்னும் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் குடகு, நீலகிரி, சேர்வராயன் மலைகளிலும் இலங்கையிலும் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குக் காடும் மேடும் கடந்து நடந்து சென்ற தமிழர் பலர் வழியிலேயே மடிந்தனர். பிறர் பருகும் பானத்திற்காக அவர் சிந்திய வியர்வையை நாம் மறத்தல் ஆகாது. தமிழகத்தில் காலைதோறும் நீராகாரம் அருந்திய மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிக்கு மாறலாயினர். நகரங்களில் காப்பிக் கடைகள் பெருகின. ஆனால், அங்கும் சாதி நுழைந்தது. ஒரு சாரார்க்குத் தனி இடம்; வேறு சிலர்க்கு வாயிலிலேயே தடை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னரும் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை முறை நீடித்தது. ஒரே கடையில் ஒரே வகைக் குவளையில் அனைவரும் பருகுதல் சிறு செயல் அன்று. அது சமத்துவத்தின் அடையாளம்.

மிதிவண்டியின் கதை சற்றே மகிழ்ச்சி தருவது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார், இன்றைய வடிவுக்கு முன்னோடியான வண்டியை உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைத் தந்தார். முதலில் செல்வரின் விளையாட்டுப் பொருளாயிருந்த அது, பின்னர்த் தபால்காரருக்கும் பால்காரருக்கும் எழுத்தருக்கும் உற்ற துணையாயிற்று. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யலாயிற்று. வாங்க இயலாதவர்க்கு மணிக்கணக்கில் வண்டி தரும் வாடகைக் கடைகள் இருந்தன. பெண்களுக்கோ அந்த இருக்கை நெடுநாள் எட்டாததாகவே இருந்தது. சென்னைக்கு வெளியே, புதுக்கோட்டையில்தான் அத்தடை பேரளவில் உடைந்தது. அங்கு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி அமர்ந்தனர்.

கலையும் கல்வியும் இவ்வாறே பரவின. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. கன்னிமரா நூலகம் 1896-இல் திறக்கப்பெற்றது. 1948-இல் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகத்தை மக்களின் உரிமையாக்க வழி வகுத்தது. 1928-இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பெற்றது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டி, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ஆயினும், அரங்கினுள் நுழையக் கட்டணம் வேண்டுமன்றோ? 1930-இல் சென்னை மாநகராட்சி தன் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து இசையைப் பரப்பிற்று. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றவரும் மணலில் அமர்ந்து கேட்டனர். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை மேற்கொண்டது.

மாணவர்களே, இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்த ஊழியர்க்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 2021-ஆம் ஆண்டில்தான். நம் இல்லங்களிலோ, எல்லாரும் உறங்கும் வேளையில் எழுந்து பால் காய்ச்சுபவர் பெரும்பாலும் தாயாரே. அவருக்குச் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒன்றே. ஓய்வு என்பது ஒருவர் துய்க்க மற்றவர் உழைக்கும் பொருளாக இருக்குமாயின், அது சலுகையே அன்றி உரிமை ஆகாது. வரும் சனிக்கிழமை அடுப்படிக்குள் நீங்கள் சென்று காப்பி கலந்து, தாயாரை முற்றத்தில் அமரச் செய்யுங்கள். அவ்வளவில் ஒரு மணி நேரமேனும் மீட்கப்பெறும். முன்னோர் மணி மணியாக மீட்டதும் அவ்வாறே.