கள்ளி வேலி (விழுப்புரம் – திண்டிவனம் பகுதி)

கள்ளி வேலி என்பது கள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ள செடிகளின் துண்டுகளை வரிசையாக நட்டு உருவாக்கப்படும் உயிர்வேலி. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வறண்ட செம்மண் மேட்டு நிலங்களில் வயல், தோப்பு, ஊர் எல்லை ஆகியவற்றைக் காக்க இவ்வேலி பயன்பட்டது. வெட்டிய துண்டு நீரின்றி நாள்கணக்கில் உயிரோடு இருந்து தானே வேர்விடும் இயல்பே இவ்வேலியின் அடிப்படை. அதே இயல்பால் சப்பாத்திக்கள்ளி பிற்காலத்தில் தென்னிந்தியாவின் பெரும் களையாக மாறியது.

வகைகள்

கள்ளி என்னும் சொல் சங்க இலக்கியத்தில் பாலை நிலத்துச் செடியைக் குறிக்கிறது. உடைத்தால் பால் வடியும் சதுரக்கள்ளி இம்மண்ணுக்கு உரியது. வேலிகளில் மிகுதியாகக் காணப்படும் திருகுகள்ளி (கொம்புக்கள்ளி) ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘திருக்கள்ளி’ என்னும் பகுதி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூல் பதிவுசெய்த மலபார்ப் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

நாகதாளி என்றும் அழைக்கப்படும் சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்தி போன்ற அதன் தட்டைகள் இலைகள் அல்ல, தண்டுகள்.

புதுச்சேரியின் எல்லை வேலி

இப்பகுதியில் உயிர்வேலி போர் அரணாகவும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைச் சுற்றிப் பெரிய கற்றாழைகளும் முட்செடிகளும் தென்னை, பனை மரங்களும் கலந்த எல்லை வேலி ஒன்றை வளர்த்திருந்தனர். வேலியை ஊடறுத்த சாலைகளில் காவலரண்கள் இருந்தன. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், திண்டிவனத்துக்கு அருகிலுள்ள பெருமுக்கல் கோட்டையையும் பின்னர் வழுதாவூரையும் கைப்பற்றினார். ஆனால் எல்லை வேலியை ஆங்கிலேயர் தாக்கிப் பிடிக்கச் செப்டம்பர் வரை ஆனது. வேலி கைமாறிய பின் நகரம் வெளித்தொடர்பை இழந்து, 1761 ஜனவரியில் சரணடைந்தது.

சிவப்புச் சாயத்துக்கான முயற்சி

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் கிடைத்தது. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் இவ்வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் தாம் கண்ட பூச்சிகள் குறித்து இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை சாயப் பூச்சிகள் அல்ல என்று பின்னர் தெரிந்தது. இருப்பினும் பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைக்கப்பட்டது.

1795-இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சியும் தரம் குறைந்த காட்டு இனமாகவே இருந்தது. சாய முயற்சி தோற்றது. ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு உறிஞ்சி அழித்தது.

பரவலும் கட்டுப்பாடும்

வேலியைத் தாண்டி விழுந்த ஒவ்வொரு தட்டையும் புதிய செடியானது. வெட்டி எறிவது களையை ஒழிக்கவில்லை, பெருக்கியது. 1836–38-இல் அந்தக் காட்டுப் பூச்சி தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் 1860களில் இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. களையை அழிக்க அதன் இயற்கைப் பகையை ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குத் திட்டமிட்டு அனுப்பிய முதல் வெற்றிகரமான நிகழ்வாக இது கருதப்படுகிறது.

ஆனால் அப்பூச்சி மற்றொரு சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தொடவில்லை. அதற்கென 1926-இல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கை வழியாக வந்தது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவின் பெரும்பாலான புதர்கள் மடிந்தன. இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளி, அர்ஜென்டினாவின் ஓர் அந்துப்பூச்சியால் ஒடுக்கப்பட்டது.

வீட்டில் வேரூன்றச் செய்தல்

வேலி முறை இன்று மாடித் தோட்டத் தொட்டிகளில் தொடர்கிறது. பெரிய துண்டுகளை நடுவதற்கான பொது முறை:

- கூரிய, தூய கத்தியால் கணுவில் வெட்ட வேண்டும். பால் வடியும் கள்ளிகளின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் தேவை. வடியும் பாலை வெட்டுவாயில் நீர் ஊற்றிக் கழுவலாம்.
- வெட்டிய துண்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒன்று முதல் மூன்று வாரம் உலர்த்த வேண்டும். துண்டு தடிப்பாக இருந்தால் கூடுதல் நாள் ஆகும். வெட்டுவாயில் தோல் கட்டிய பிறகே நட வேண்டும். ஈரக்காயத்தோடு நட்டால் அழுகும்.
- மணலும் சரளையும் மிகுந்த கலவையில், நிற்கும் அளவுக்கு மட்டும் ஆழமாக நட்டு, குச்சியோ கற்களோ கொண்டு முட்டுக்கொடுக்க வேண்டும். ஆடினால் இளம் வேர் அறும்.
- முதல் வாரம் நீர் ஊற்றக்கூடாது. பிறகு மண் நன்றாகக் காய்ந்த பின் சிறிதளவு ஊற்றலாம். மெதுவாக இழுத்துப் பார்க்கையில் துண்டு நகராவிட்டால் வேர் பிடித்துவிட்டது எனலாம். அதன் பிறகு படிப்படியாக வெயிலுக்கு மாற்ற வேண்டும்.

விழுப்புரம் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழைக்காலம். அம்மாதங்களில் துண்டுகள் எளிதில் அழுகும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பொருத்தமானவை.

சப்பாத்திக்கள்ளித் தட்டையில் பஞ்சுபோன்ற வெண்திட்டு தோன்றி, நசுக்கினால் சிவப்பு நீர் வந்தால் அது கொச்சினீல் பூச்சி. வெட்டி ஒதுக்கும் துண்டுகளை ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ வீசக்கூடாது. வெயிலில் முழுதும் காய்ந்த பிறகே அவை உயிரிழக்கும்.