வகுப்பறையில் பிறந்த விதிகள்

ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்தில், முன்னாளில் ஏசு சபைப் பாதிரிமார் நடத்திவந்த பள்ளிக்கூடம் ஒன்றின் சோதனைச்சாலையில், 1826-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடுங்குளிரில், முப்பத்தாறு வயதான கணித உபாத்தியாயர் ஒருவர், ஒரே கனமுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மின்சுற்றில் மாட்டுவதும், மேலே தொங்கும் காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று குறிப்பதும், கழற்றுவதுமாக இருந்தார். கம்பிகளின் நீளம், அங்குலக் கணக்கில், 2, 4, 6, 10, 18, 34, 66, 130. முதற்பார்வைக்கு ஒழுங்கில்லாததாகத் தோன்றும் இவ்வரிசையில், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் இரண்டைக் கழித்துவிட்டால், இரண்டாவது கம்பி தொடங்கி 2, 4, 8, 16 என்று 128 வரையில் இரட்டித்துக்கொண்டே போவதைக் காணலாம். கணக்கு வாத்தியார் கம்பி வெட்டினால் இப்படித்தான் வெட்டுவார் போலும்!

அந்த உபாத்தியாயரின் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். எர்லாங்கன் என்னும் ஊரில், பூட்டுச் செய்து பிழைத்த கம்மியர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். தந்தை பள்ளிப்படிப்பை முறையாகப் பெறாதவராயினும், தம் முயற்சியினாலேயே கணிதமும் பௌதிகமும் பயின்று, தம் புதல்வர்களாகிய ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் தாமே ஆசானாக அமைந்தார். இன்று எந்த மூலையிலோ ஓர் இளைஞன் இரவு பத்து மணிக்குமேல் கைப்பேசித் திரையில் மின்சுற்றின் பாலபாடத்தைக் கேட்கிறான் என்றால், அவன் கேட்கும் முதல் விதியே, தாமாகக் கற்ற ஒருவரிடம் கற்ற ஒருவர் கண்டது என்பதை அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். அரச சபைகளிலும் பெரும் பண்டிதர் கழகங்களிலும் பிறந்த சாஸ்திரங்கள் உண்டு. மின்சுற்றின் விதிகளோ வகுப்பறையில் பிறந்தவை.

ஓம் முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டவர் அல்லர். 1825-இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையில் கம்பியின் நீளத்துக்கும் மின்விசையின் குறைவுக்கும் உள்ள தொடர்பை மடக்கைக் கணக்காக எழுதிவிட்டார். அது தவறு. தவறு கணக்கில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. வோல்ட்டா கண்ட முறைப்படி அமைந்த கலங்கள், இணைத்தவுடன் வீறுடன் எழுந்து, சிறிது நேரத்தில் களைத்த மாடு போலத் துவண்டுவிடும். ஆதலால் முதற்கம்பியை அளக்கும்போது இருந்த வலிமை எட்டாவது கம்பியை அளக்கும்போது இருப்பதில்லை. விஞ்ஞானப் பத்திரிகை ஆசிரியராக இருந்த பொகன்டார்ஃப் என்பார், கலத்தை விட்டுவிட்டு வெப்பமின் இரட்டையைக் கையாளும்படி யோசனை கூறினார். தாமிரமும் பிஸ்மத்தும் கூடும் இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால், நீர் கொதிக்கும் வரையில், பனி உருகும் வரையில், இவ்விரண்டின் வேற்றுமை மாறாது. எனவே மின்னை உந்தும் விசையும் மாறாது. பூட்டுப் பட்டறையில் வளர்ந்தவருக்கு நுட்பமான கருவியைத் தாமே அமைத்துக்கொள்வது பெரிய காரியமாக இல்லை. அமைத்தார், அளந்தார், விடை மிக எளிமையாக வந்தது. உந்தும் விசையைச் சுற்றின் மொத்தத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். அவ்வளவுதான்.

இதைப் புத்தகமாக எழுதுவதற்காக அவர் அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினுக்குச் சென்றார். 1827-இல் நூல் வெளிவந்தது; சொந்த நாட்டில் அதை வரவேற்றவர் சிலரே. இயற்கையின் ரகசியத்தைத் தத்துவ விசாரத்தால் அறியலாமேயன்றிக் கணிதச் சமன்பாட்டால் அறிய முடியாது என்று நம்பிய ஒரு கூட்டம் அக்காலத்து ஜெர்மனியில் செல்வாக்குடன் இருந்தது. மனம் நொந்த ஓம் பள்ளி உத்தியோகத்தையும் துறந்தார். 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டி காப்ளி பதக்கம் அளித்த பிறகே புகழ் பரவியது, அவர் வேண்டியிருந்த சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-இல் கிடைத்தது, 1854-இல் காலமானார்.

இங்கே ஒரு விசேஷத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இதே உண்மையை ஓம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1781-இல், இங்கிலாந்தின் பெருஞ்செல்வரான ஹென்றி கேவண்டிஷ் கண்டிருந்தார். அளக்கும் கருவி இல்லாத காலமாதலால், தம் உடலையே கருவியாக்கி, ஒவ்வொரு முறையும் வாங்கிய அதிர்ச்சியின் கடுமையை ஒப்பிட்டு அவர் அம்முடிவுக்கு வந்தார். ஆனால் பிறரோடு பேசவே கூசும் இயல்பினர், எழுதியதைப் பிரசுரிக்கவில்லை. 1879-இல் பௌதிக அறிஞர் மாக்ஸ்வெல் அக்கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. செல்வர் கண்டது பெட்டியில் கிடந்தது. வாத்தியார் கண்டது பாடமாயிற்று. எழுதி வைத்தவருக்கும் எடுத்துச் சொன்னவருக்கும் உள்ள பேதம் இது.

அடுத்த இரண்டு விதிகளைத் தந்தவர் உபாத்தியாயர்கூட அல்லர்; மாணாக்கர். கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஃப்ரான்ஸ் நாய்மன் என்ற பேராசிரியர், மாணவர்கள் வெறுமனே கேட்டுச் செல்லாமல் தாங்களே கணக்குப் போட்டும் அளந்தும் பழக வேண்டும் என்பதற்காக ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்திவந்தார். அதில் பயின்ற குஸ்டாவ் கிர்க்காஃப், 1845-இல், இருபத்தொரு வயதில், வட்டமான தகட்டின் வழியே மின்னோட்டம் எவ்வாறு பரவுகிறது என்பதைப்பற்றி எழுதிய கட்டுரையிலேதான் இவ்விரண்டு விதிகளும் முதன்முதலாக இடம்பெற்றன. வாய்க்கால் பிரியும் இடத்தில் வந்த நீரும் போன நீரும் சமமாக இருப்பதுபோல, ஒரு சந்தியில் புகும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது ஒன்று. மலையைச் சுற்றி வருபவன் புறப்பட்ட இடத்தையே திரும்ப அடையும்போது ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சரியாகிவிடுவதுபோல, மூடிய சுற்று ஒன்றில் அழுத்தத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று நிரவிவிடும் என்பது மற்றொன்று. ஓமின் விதியோடு இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டால், பாட்டரிகளும் தடைகளும் எத்தனை சிக்கலாகப் பின்னிக் கிடந்தாலும், பொறுமையுள்ள எவரும் ஓட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். மேதை வேண்டியதில்லை, பென்சிலும் பொறுமையும் போதும்.

விதிகள் பிறந்துவிட்டன, அவற்றைக் கேட்க வாயில் யாருக்குத் திறந்திருந்தது? லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில் ரசாயன அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பேசும் நாள்களில் கனவான்களின் கோச்சு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டமையால்தான் அந்நகரத்தின் முதல் ஒருவழிப் பாதை அங்கே ஏற்பட்டது என்பர். உள்ளே செல்லச் சீட்டு வேண்டும். கொல்லன் மகனும் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவனுமான மைக்கேல் ஃபாரடேக்கு அந்தச் சீட்டு, 1812-இல், கடைக்கு வந்துபோகும் வாடிக்கைக்காரர் ஒருவரின் தயவால் கிடைத்தது. அதற்கு முன் டேட்டம் என்பவரின் பிரசங்கங்களைக் கேட்பதற்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம்; அதை அண்ணன் கொடுத்தான். டேவியின் நான்கு பிரசங்கங்களை மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து கேட்ட அப்பிள்ளை, குறிப்பெடுத்ததை வீட்டில் விரித்தெழுதி, படங்கள் வரைந்து, ஏறக்குறைய முந்நூறு பக்கங்களாகத் தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதே நிலையத்தில் உதவியாளனாக வேலை கிடைத்தது. பிற்காலத்தில் அம்மண்டபத்திலேயே வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களும், சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களும் நிலைபெறச் செய்தவர் ஃபாரடே. ஒரு சீட்டின் விலை என்ன என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

மின்சாரம் தந்தியாகிக் கடலுக்கடியில் இறங்கிய பிறகு, இவ்விதிகளை அறியாமை வேடிக்கையாக இருக்கவில்லை. 1858-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே போடப்பட்ட முதற்கம்பி, தொழிலால் வைத்தியரான ஒயிட்ஹவுஸ் அளவுக்கு மீறிய அழுத்தத்தைச் செலுத்தியதும் சேர்ந்து, சில வாரங்களில் ஊமையாயிற்று. அந்நஷ்டத்துக்குப் பின்னரே தடையை அளக்கப் பொதுவான அளவை வேண்டும் என்ற முயற்சி தீவிரமாகி, 1881-இல் பாரிஸ் மாநாடு அந்த அளவைக்குக் கொலோன் உபாத்தியாயரின் பெயரையே உறுதி செய்தது.

பின்னர் ஒரு நூற்றாண்டு இவ்விதிகள் கல்லூரி மதிலுக்குள் சுகமாக வாழ்ந்தன. அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மதிலில் ஒரு திட்டிவாசல் திறந்த விதம்தான் சுவையானது. இணையம் பெருகத் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், பாடங்களை வலைவழியே விற்று எவ்வாறு பயனடையலாம் என்று ஆராய ஒரு குழுவை நியமித்தது. குழுவினரோ ஆராய்ந்து ஆராய்ந்து, விற்பதைவிட இனாமாகக் கொடுத்துவிடுவதே மேல் என்று முடிவு கூறினர். 2001 ஏப்ரல் 4-ஆம் தேதி அது அறிவிக்கப்பட்டது. மறுவருஷம் முதல் ஐம்பது பாடங்கள் வெளிவந்தன. வியாபாரக் குழு ஒன்று இப்படித் தர்மம் செய்து முடித்தது கல்வியின் சரித்திரத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

அவ்வாறு வெளிவந்த மின்சுற்றுப் பாடத்தின் விரிவுரைகளை ஆற்றியவர் ஆனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-இல் பட்டம் பெற்றவர். முதல் நாளிலேயே அவர் ஒரு வேடிக்கை காட்டுகிறார். உப்பிலும் காடியிலும் ஊறிய முழு வெள்ளரிக்காய் ஒன்றை, நம் வீட்டு ஊறுகாயென்று எண்ணிவிடலாகாது, மின்கம்பிகளுக்கிடையே செருகி மின்சாரம் பாய்ச்சுகிறார். காய் ஒளிவிடுகிறது, நாற்றமும் எழுகிறது. மின்சுற்றுச் சாஸ்திரம் அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்லும். ஒளியையும் நாற்றத்தையும்பற்றி அதற்கு அக்கறை இல்லை என்பதே உபதேசம். விதியைச் சொல்லும் முன் விதியின் எல்லையைச் சொல்லும் இம்முறையை நம் பாடப்புத்தகக்காரர்கள் கைக்கொண்டிருந்தால், நம்மில் பலர் கிர்க்காஃபை மனப்பாடப் பகுதியாக எண்ணி வாழ்ந்திருக்க மாட்டோம்.

பாரத தேசத்திலும் அதே காலத்தில் வாசல் திறந்தது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் 2003-இல் தொடங்கியது. அவ்வாண்டு தோன்றிய தொழில்நுட்பக் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஏகலைவன் பெயரைச் சூட்டினார்கள். குருவின் எதிரில் அமராமல் கற்றவன் என்ற அளவில் பெயர் பொருத்தமே; ஆனால் அவன் செலுத்திய தட்சிணையை நினைத்துப் பார்த்தார்களா என்பது ஐயம். என்.பி.டி.இ.எல். பாடத்துக்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டி நேரில் அமர்ந்து எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. கட்டைவிரலோடு ஒப்பிட்டால் அது சகாயந்தான். இவ்வரிசையில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நாகேந்திர கிருஷ்ணபுரா அடிப்படை மின்சுற்றுகளைப்பற்றி ஆற்றிய விரிவுரைகள், ஒரு சந்தியையோ ஒரு கண்ணியையோ அவசரப்பட்டுத் தாண்டாத நிதானத்தினால், தனியே இருந்து கற்போர்க்குப் பெரிதும் ஏற்றவை.

2012 மார்ச்சில் அகர்வாலின் அதே பாடம், வாராவாரம் கணக்குகளும் தேர்வும் கொண்ட முறையான வகுப்பாக, உலகத்தார் யாவர்க்கும் இலவசமாக நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 1,54,763 பேர். முதல் வாரத்துக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணாவது பெற்றவர்கள் 26,349 பேர். இறுதிவரை நின்று சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். இந்தச் சரிவைக் காட்டிப் பரிகசித்தவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவில் திருவிழாவில் தேர் பார்க்க வந்தவர்கள் அனைவரும் வடம் பிடிப்பதில்லை. முழு மதிப்பெண் பெற்ற 340 பேரில் மங்கோலியா நாட்டின் உலான்பாட்டரைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான் என்பதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அவனுடைய பள்ளித் தலைமையாசிரியர் அதே அமெரிக்கக் கழகத்தில் பயின்றவர் என்பதையும், கையால் தொட்டுப் பழகக் கருவிகளும், அவற்றோடு கடல் கடந்து வந்த ஒரு துணையாசிரியரும் அவ்வகுப்புக்கு வாய்த்திருந்தனர் என்பதையும் கொண்டாடியவர் குறைவு.

மற்ற லட்சம் பேருக்குத் திரையிலேயே ஒரு சோதனைச்சாலை அமைத்துத் தந்திருந்தார்கள். சுட்டியால் மின்கலத்தை இழுத்து வைக்கலாம்; தடையை வைக்கலாம்; கோடிழுத்துக் கம்பியாக்கலாம்; ஓட்டம் எவ்வளவு என்று உடனே காணலாம். அருமையான ஏற்பாடு. விரல் சுடுவதில்லை, செலவு இல்லை, விடை பிசகுவதில்லை. ஆயினும் பழைய டார்ச் விளக்கின் கட்டையொன்றை எடுத்து, ஒரு சிறு பல்பில் மாட்டி, வெளிச்சம் மெல்ல மெல்லச் சிவந்து மங்குவதைப் பார்த்திருக்கும் பையனுக்கு, ஓம் தம் முதற்கட்டுரையில் ஏன் வழுக்கினார் என்பது சொல்லாமலே விளங்கும். அந்தத் திரையிலுள்ள மின்கலமோ எத்தனை மணிநேரம் ஓடவிட்டாலும் சோர்வதே இல்லை.