வேப்பிலைச் சாற்றை எத்தனை நாள் வைத்துத் தெளிக்கலாம்?

வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை இலைகளை அரைத்து டிரம்மில் ஊற்றி வைத்து, வாரக்கணக்கில் தெளிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. புழு கட்டுப்படவில்லை என்றால், மூலிகைச் சாறு வேலைக்கு ஆகாது என்று மருந்துக் கடைக்குப் போய்விடுகிறோம். ஆனால் பல நேரங்களில் அந்தச் சாறு பழையதாகிப் போயிருக்கும்.

பூச்சி தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும் வேம்பின் முக்கியப் பொருள் அசாடிராக்டின். இது பருப்பில்தான் அதிகம். இலையில் மிகக் குறைவு. ஆய்வுக்கூடத்தில் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி சாற்றிலுள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளவு சொல்லும். நாக்கால் அதைச் சொல்ல முடியாது. கசப்புக்குப் பல பொருட்கள் காரணம் என்பதால், அசாடிராக்டின் சிதைந்த பிறகும் சாறு கசக்கத்தான் செய்யும்.

அசாடிராக்டினுக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் சிதையும். அதனால்தான் மாலை 3.30 மணிக்கு மேல் தெளிக்கச் சொல்கிறோம். இது ஓரளவு நிலைத்திருப்பது கார அமில நிலை 4 முதல் 6 வரை உள்ள நீரில். காரத்தன்மை கூடினால் வேகமாகக் கெடும். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் காரமானது, காதி சோப்பும் காரம்தான். எனவே சோப்புக் கரைசலைத் தெளிக்கும் நேரத்தில் கடைசியாகச் சேருங்கள். போர்டோ கலவையுடன் கலக்கக் கூடாது. கோமியமும் நாள்பட வைத்தால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாகி காரமாகிவிடும். பழைய கோமியத்தில் வேம்பை ஊறப்போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

மற்ற இலைகளின் குணம் வேறு. நொச்சியின் வாசனை எண்ணெய் ஆவியாகக்கூடியது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் காற்றோடு போய்விடும். ஆடாதோடையின் வாசிசின் காற்றும் வெளிச்சமும் பட்டு வாசிசினோனாக மாறும்.

ஆகவே சாறாகச் சேமிக்காதீர்கள், காய்ந்த பொருளாகச் சேமியுங்கள். வேப்பங்கொட்டையை நிழலில் உலர்த்திக் காற்றோட்டமாக வைத்து, 8 மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். தேவைப்படும்போது 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பு சேர்த்து அன்றே தெளியுங்கள். பருப்பு கிடைக்காதபோது, 5 லிட்டர் நீருக்கு 1 கிலோ பச்சை வேப்பிலை என்ற அளவில் இரவு ஊறவைத்து, மறுநாள் அரைத்து வடிகட்டலாம். இதையும் அன்றே முடித்துவிட வேண்டும். நுரைத்துப் புளித்த வாடை வந்துவிட்டால் எருக்குழியில் ஊற்றிவிடுங்கள்.

கடையில் வேம்பு மருந்து வாங்கினால், 300, 1500, 10000 பி.பி.எம். என எந்த அளவு என்பதையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். வெயில் படும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேறு பாட்டில் கேளுங்கள்.