ஆங்கிலப் பணியிட வழக்கில் நிகழ்கால நிறைவு

நிகழ்கால நிறைவு என்பது ஆங்கில வினைச்சொல் அமைப்புகளுள் ஒன்றாகும். பாடநூல்களில் இது பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்சு என வழங்கப்படுகிறது. முன்பே நிகழ்ந்த ஒரு செயலை, பேசும் நேரத்தில் உள்ள நிலையோடு இணைத்துக் கூறுவது இதன் பணி. ‘ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட்’ என்னும் தொடர், அறிக்கை அனுப்பப்பட்டது என்பதோடு, அது தொடர்பாகத் தற்போது செய்யவேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பதையும் உணர்த்துகிறது. அலுவலகம், மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற இடங்களில் நடைபெறும் உரையாடலில் பெரும்பகுதி எது முடிந்தது, எது நிலுவையில் உள்ளது, யார் இருக்கிறார், யார் வெளியே சென்றுள்ளார் என்பவற்றைப் பற்றியதே. ஆகவே பணியிட ஆங்கிலத்தில் இவ்வமைப்பு மிகுதியாகப் பயன்படுகிறது.

தமிழிலும் ‘அனுப்பியிருக்கிறேன்’ என்றவாறு ‘இரு’ என்னும் துணைவினை கொண்ட வடிவம் இருப்பதால், இது தமிழர்க்கு எளிதானது போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுள் பல இந்த ஒற்றுமைத் தோற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

அமைப்பு

‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்னும் துணைவினையும் முதன்மை வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து இது உருவாகிறது. ‘ஹேஸ்’ படர்க்கை ஒருமைக்கு மட்டும் உரியது. ஒழுங்கான வினைகளில் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. ஒழுங்கற்ற வினைகளில் அவை வேறுபடலாம். ‘கோ, வென்ட், கான்’, ‘ரைட், ரோட், ரிட்டன்’ எனப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்படும் பட்டியல்கள் இதற்காகவே. எதிர்மறையில் துணைவினையை அடுத்து ‘நாட்’ வரும். வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன் செல்லும். செயப்பாட்டு வினையில் ‘ஹேஸ் பீன்’ என்பதை அடுத்து மூன்றாம் வடிவம் வரும். ‘யுவர் ரிக்வெஸ்ட் ஹேஸ் பீன் ரிசீவ்ட்’ என்பது அலுவலக மடல்களில் வழக்கமாகக் காணப்படும் தொடர்.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்பதன் முன்னோடியான வினை உடைமையையே குறித்தது. ‘எழுதப்பட்ட நிலையில் ஒரு மடலை வைத்திருக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பில், மூன்றாம் வடிவம் பெயரடையாக நின்று செயப்படுபொருளைத் தழுவியது. காலப்போக்கில் உடைமைப் பொருள் மங்கி, முடிந்த செயலைக் குறிக்கும் துணைவினையாக அது மாறியது. வருதல், போதல் போன்ற வினைகளுக்கு நெடுங்காலம் ‘பீ’ என்னும் துணைவினையே வழங்கியது. ‘ஹி இஸ் கான்’ என இன்றும் கேட்கக்கூடிய தொடர் அதன் எச்சமாகும்.

இதே போன்ற அமைப்பு செருமன், பிரெஞ்சு மொழிகளிலும் உண்டு. ஆயினும் அங்கு அது பேச்சு வழக்கில் சாதாரண இறந்தகாலமாகவே மாறிவிட்டது. பேச்சுப் பிரெஞ்சில் பழைய எளிய இறந்தகாலம் வழக்கொழிந்து எழுத்தில் மட்டும் எஞ்சியுள்ளது. ஆங்கிலம் அவ்வழியில் முழுமையாகச் செல்லாமல், இரு வடிவங்களையும் பொருள் வேறுபாட்டோடு காத்து வருகிறது.

பொருள்

மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 1976இல் வெளிவந்த தமது நூலில், நிறைவு வடிவத்தின் பயன்பாடுகளை நான்காக வகுத்தார். செயலின் விளைவு இப்போதும் நிலைத்திருத்தல், வாழ்வில் ஒருமுறையேனும் நேர்ந்த அனுபவம், முன்பு தொடங்கி இன்றும் தொடரும் நிலை, மிக அண்மையில் நிகழ்ந்தது என்பன அவை. பணியிடத்தில் இந்நான்கும் பயன்படுகின்றன. அனுபவப் பொருள் நேர்காணல்களில் மிகுதி. ‘ஹேவ் யூ எவர் மேனேஜ்ட் எ டீம்?’ என்னும் வினா, எப்போது என்று கேட்கவில்லை, அத்தகைய அனுபவம் உண்டா என்றே கேட்கிறது.

இவ்வடிவத்தின் முதன்மையான கட்டுப்பாடு, முடிந்துபோன ஒரு காலத்தைச் சுட்டும் சொல்லோடு இது சேராது என்பதாகும். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’, ‘அட் டென் ஓ கிளாக்’ போன்றவை வந்தால் எளிய இறந்தகாலமே வரவேண்டும். பேசும் நேரமும் எந்தக் காலப்பகுதி முடிந்தது என்பதைத் தீர்மானிக்கும். காலை பத்து மணிக்கு ஒருவர் ‘ஐ ஹேவ் ஹேட் த்ரீ கால்ஸ் திஸ் மார்னிங்’ எனலாம். பிற்பகலில் அதையே சொல்லும்போது காலைப்பொழுது முடிந்துவிட்டதால் ‘ஐ ஹேட்’ என்பதே பொருந்தும். இக்கட்டுப்பாடு ஏன் நிலவுகிறது என்பது மொழியியலில் இன்னும் விவாதிக்கப்படும் வினா. வுல்ஃப்காங் கிளைன் 1992இல் இதனை நிகழ்கால நிறைவுப் புதிர் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஆராய்ந்தார்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் ‘செய்தேன்’, ‘செய்திருக்கிறேன்’, ‘செய்துவிட்டேன்’ என மூன்று வடிவங்கள் இவ்விடத்தில் போட்டியிடுகின்றன. பணி முடிந்ததைத் தெரிவிக்கும் ஆங்கிலத் தொடருக்குப் பெரும்பாலும் இணையாவது ‘இரு’ அல்ல, ‘விடு’ என்னும் துணைவினையே. மேலாளர் கேட்கும்போது ‘அனுப்பிவிட்டேன்’ என்பதே தமிழரின் இயல்பான விடை. அனுபவப் பொருளுக்கோ ‘இரு’ பொருந்தும்; ‘நான் அந்த மென்பொருளில் வேலை செய்திருக்கிறேன்’ என்பது போல.

தமிழில் ‘இரு’ வடிவம் காலச்சொற்களை ஏற்கும். ‘1998இல் ஒருமுறை அங்கு போயிருக்கிறேன்’, ‘நேற்று அவருக்கு மடல் அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும்’ என்பன பிழையற்ற தமிழ்த் தொடர்கள். இவற்றை அப்படியே பெயர்த்து ‘ஐ ஹேவ் சென்ட் ஹிம் எ மெயில் யெஸ்டர்டே’ என்றால் ஆங்கிலத்தில் பிழையாகிறது. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ரென், மார்ட்டின் இலக்கண நூலும் இதனை எச்சரிக்கிறது. விதியை அறிந்தவரும் பேச்சில் தவறுவதற்குத் தாய்மொழி பழக்கிய வடிவமும் ஒரு காரணம்.

அடுத்தது தொடர்நிலை. ‘ஐந்து ஆண்டுகளாக இங்கு வேலை செய்கிறேன்’ எனத் தமிழ் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. செருமனும் பிரெஞ்சும் அவ்வாறே. ஆகவே இதில் தனித்து நிற்பது ஆங்கிலம்தான். ‘ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்னும் தொடரில் இரு பிழைகள் உள்ளன. வினை ‘ஹேவ் வர்க்ட்’ அல்லது ‘ஹேவ் பீன் வர்க்கிங்’ என்றிருக்க வேண்டும். ‘சின்ஸ்’ என்பதற்குப் பதில் ‘ஃபார்’ வரவேண்டும். இந்த இரண்டாவது பிழையைத் தவிர்க்கத் தமிழே துணைபுரிகிறது. தமிழில் ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’. ‘2015 முதல்’ என்பது ‘சின்ஸ் 2015’, ‘ஐந்து ஆண்டுகளாக’ என்பது ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’.

‘ஐயா கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்னும் தமிழ்த் தொடர் இரு பொருள் தரக்கூடியது. இப்போது அங்கே இருக்கிறார் என்பது ஒன்று, முன்பு எப்போதோ சென்று வந்தவர் என்பது மற்றொன்று. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. ‘ஹி ஹேஸ் கான் டு கொலம்போ’ என்றால் அவர் இங்கில்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு கொலம்போ’ என்றால் சென்று திரும்பியவர். தொலைபேசியில் வாடிக்கையாளர்க்கு விடையளிக்கும் ஊழியர் இவற்றை மாற்றிச் சொன்னால், மேலாளர் பக்கத்து அறையில் இருக்கும்போதே அழைத்தவர் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும்.

எதிர்மறையில் சிக்கல் வேறு வகையானது. ‘வரவில்லை’ என்னும் ஒரே தமிழ் வடிவம் ‘டிட் நாட் கம்’, ‘ஹேஸ் நாட் கம்’ என்னும் இரண்டுக்கும் பொதுவானது. ‘இன்னும்’ என்னும் சொல் சேர்ந்தால்தான் வேறுபாடு தெளிவாகும். ஆங்கிலத்தில் ‘வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் யுவர் பேமென்ட்’ என்பது பணம் வருவதற்கு இன்னும் இடமுண்டு எனக் கதவைத் திறந்து வைக்கிறது. நிலுவைத் தொகையை நினைவூட்டும் மடல்களில் இவ்வடிவம் வருவதற்கு இதுவே காரணம். ‘வீ டிட் நாட் ரிசீவ்’ என்றால், முடிந்துபோன ஒரு காலக்கெடுவைப் பற்றிய குற்றச்சாட்டாக ஒலிக்கலாம்.

தமிழ் ‘இரு’ வடிவம் ஊகத்தையும் உணர்த்தவல்லது. பெட்டியின் முத்திரை உடைந்திருப்பதைக் கண்டு ‘யாரோ திறந்திருக்கிறார்கள்’ என்கிறோம். கண்ணால் கண்டதல்ல, தடயத்திலிருந்து அறிந்தது என்பது சூழலிலிருந்து புரியும். ‘சம்ஒன் ஹேஸ் ஓப்பன்ட் இட்’ என்னும் ஆங்கிலத் தொடர் அதை உறுதியான செய்தியாகவே தரும். ஊகம் எனில் ‘மஸ்ட் ஹேவ் ஓப்பன்ட்’ என எழுதவேண்டும். விபத்து அறிக்கை, தணிக்கைக் குறிப்பு போன்றவற்றில் இது சொல்லழகு பற்றிய செய்தியன்று. ஊகம் சான்றாகப் பதிவாகிவிடும்.

பணியிடத்தில் பயன்பாடு

ஆங்கிலத்தில் செய்தி கூறும் முறையில் ஓர் ஒழுங்கைக் காணலாம். புதிய செய்தி நிகழ்கால நிறைவில் தொடங்குகிறது. அதன் விவரங்கள் எளிய இறந்தகாலத்தில் தொடர்கின்றன. ‘ஐ ஹேவ் ஸ்போக்கன் டு த சப்ளையர். ஐ கால்ட் ஹிம் ஆன் மண்டே அண்ட் ஹி அக்ரீட்.’ முதல் தொடர் பணியின் தற்போதைய நிலையைக் கூறுகிறது. அடுத்தது எப்போது, எவ்வாறு என்பதைக் கூறுகிறது. நாளேடுகளும் வானொலிச் செய்திகளும் இவ்வொழுங்கைப் பின்பற்றுகின்றன. தனித்தனி விதிகளைக் காட்டிலும் இந்த இரட்டைத் தொடர் அமைப்பைப் பழகுவது கற்போர்க்கு அதிகம் பயன்தரும்.

இரு வடிவங்களும் தேவை என்பது மருத்துவமனைப் பணிமாற்றத்தில் தெளிவாகத் தெரியும். ‘த பேஷன்ட் ஹேஸ் ஹேட் பாராசிட்டமால்’ என்பது மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது என்னும் செய்தியை மட்டும் தருகிறது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் பொதுவாக நான்கு மணி நேரத்திற்குக் குறையாத இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மிகாமல் கொடுக்கப்படுகிறது. அளவு மிகுந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். ஆகவே அடுத்துப் பொறுப்பேற்கும் செவிலியருக்கு வேண்டியது நேரம். ‘ஷீ ஹேட் ஒன் கிராம் அட் எய்ட்’ என்னும் இறந்தகாலத் தொடர் உடன் வந்தால்தான் செய்தி முழுமை பெறுகிறது. நிகழ்கால நிறைவு காலச்சொல்லை ஏற்காது என்னும் இலக்கணக் குறிப்பு, இங்கு ‘எப்போது என்று தனியாகச் சொல்’ என்னும் நடைமுறைக் கட்டளையாகிறது.

வேலைக்கான நேர்காணலில் வடிவத் தெரிவு ஒருவரின் தற்போதைய நிலையையே மாற்றிக் காட்டும். ‘ஐ வர்க்ட் இன் எ பேங்க் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பவர் அவ்வங்கியை விட்டு விலகியவராகவே கருதப்படுவார். இன்றும் அங்கே பணியாற்றுபவர் ‘ஹேவ் வர்க்ட்’ அல்லது ‘ஹேவ் பீன் வர்க்கிங்’ எனவேண்டும்.

செயப்பாட்டு வடிவத்தைப் பற்றி ஒன்று. ‘த எரர் ஹேஸ் பீன் கரெக்டட்’ என்பது யார் திருத்தினார் என்பதைக் கூறாது விடுகிறது. வாடிக்கையாளர்க்கு எழுதும் மடலில் இது போதும். ஆனால் குழுவுக்குள் எழுதப்படும் நிலைக்குறிப்புகளில் அடுத்த கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போகும்.

வட்டார வேறுபாடுகள்

பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகிய சொற்களோடு நிகழ்கால நிறைவே வழக்கம். அமெரிக்கப் பேச்சில் ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’, ‘டிட் யூ ஈட் யெட்?’ என எளிய இறந்தகாலமும் தாராளமாக வரும். அமெரிக்க நிறுவனங்களோடு பணியாற்றுவோர் இதனைப் பிழை எனக் கருதித் திருத்த முற்படவேண்டியதில்லை. ஆசுத்திரேலியாவில் காவல்துறையினர் நிகழ்வுகளை வரிசையாக விவரிக்கும்போது, இலக்கண நூல்கள் எதிர்பார்க்காத வகையில், நிகழ்கால நிறைவையே பயன்படுத்துவது ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்துள்ளது. இந்திய ஆங்கிலத்தில் இறந்தகாலச் சொற்களோடு நிகழ்கால நிறைவு வருவதை அவ்வட்டார வழக்கின் இயல்பாகக் கொள்வோரும் உளர். எனினும் பன்னாட்டுத் தேர்வுகளில் அது பிழையாகவே கொள்ளப்பட வாய்ப்புண்டு.

கற்றல்

ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985இல் முதன்முதலில் வெளிவந்த ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ போன்ற தற்கற்றல் நூல்கள், நிகழ்கால நிறைவை எளிய இறந்தகாலத்தோடு ஒப்பிட்டே பயிற்றுவிக்கின்றன. வினை வடிவங்களின் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த ஒப்பீட்டில் தடுமாறுவது இயல்பு. எழுதிய தொடரில் ‘எப்போது?’ என்பதற்கு விடை இருக்கிறதா எனப் பார்ப்பது எளிய சோதனை. விடை முடிந்துபோன காலமாக இருந்தால் ‘ஹேவ்’ நீக்கப்படவேண்டும்.

எழுத்தில் தேர்ந்தவர்க்கும் கேட்டலில் ஒரு தடை உண்டு. பேச்சில் ‘ஐ ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்றும், ‘ஹி ஹேஸ்’ என்பது ‘ஹீஸ்’ என்றும் சுருங்கும். ‘ஐவ் ஃபினிஷ்ட்’ என்பதில் உள்ள மெல்லிய ஒலி தொலைபேசியில் எளிதில் நழுவிவிடும். ‘ஹீஸ்’ என்பது ‘ஹி இஸ்’ என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம். அடுத்து வரும் சொல்லைக் கொண்டே அதனைப் பிரித்தறிய முடியும். ‘ஹீஸ் லெஃப்ட்’ என்றால் அவர் கிளம்பிவிட்டார், ‘ஹீஸ் லீவிங்’ என்றால் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.